கம்யூனிட்டி காலேஜிலிருந்து யூ.சி.க்கு: கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்த குடும்பங்களுக்கு ஒரு வழிகாட்டி

பிள்ளை கம்யூனிட்டி காலேஜில் (இரண்டு வருஷ அரசுக் கல்லூரியில்) படிக்கிறான் என்று சொன்னால், "ஏன், மார்க் வரலையா?" என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். ஊரிலிருந்து மட்டுமல்ல, ஃப்ரீமான்டிலும் கூப்பர்டினோவிலும் இருக்கிற நம் ஆட்களிடமிருந்தும் வரும். அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம். கலிஃபோர்னியாவில் இது கொல்லைப்புற வழி அல்ல. 1960ல் மாநிலம் வகுத்த உயர்கல்வித் திட்டத்திலேயே இந்தப் பாதை இருக்கிறது: பள்ளியில் முதல் எட்டில் ஒரு பங்கு மாணவர்களுக்கு யூ.சி. (யூனிவர்சிட்டி ஆஃப் கலிஃபோர்னியா), முதல் மூன்றில் ஒரு பங்குக்கு கால் ஸ்டேட் (கலிஃபோர்னியா ஸ்டேட் யூனிவர்சிட்டி), யார் வந்தாலும் இடம் தர கம்யூனிட்டி காலேஜ், அங்கிருந்து மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறும் வசதி. இரண்டு முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு டிரான்ஸ்ஃபர் மாணவர் என்ற கணக்கில் சேர்ப்பது யூ.சி. வைத்திருக்கும் இலக்கு. அப்படி மாறி வருபவர்களில் 90 சதவீதத்துக்கும் மேல் இந்த மாநிலத்துக் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்கள்தான். கடைசியில் கையில் வரும் பட்டத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டும்தான் இருக்கும்.

மார்க் குறைவாக வந்ததால் தடுக்கி விழுகிறவர்களைவிட, தேதி தெரியாமல் தடுக்கி விழுகிறவர்கள்தான் இதில் அதிகம். இரண்டு வருஷப் படிப்பு என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் விண்ணப்பம் போடுவது இரண்டாம் வருஷத்தின் அக்டோபர், நவம்பரில். அப்போது கையில் இருப்பது முதல் வருஷ கிரேடு மட்டும்தான். அதனால் எந்தப் படிப்பு, ஏறத்தாழ எந்தப் பல்கலைக்கழகம் என்பதை முதல் செமஸ்டர் வகுப்புகளுக்குப் பதியும் முன்பே யோசித்தாக வேண்டும். இந்தக் கட்டுரையில் இருப்பதெல்லாம் அதைச் சுற்றித்தான்.

முதலில் கட்டணமும் விசாவும்

கலிஃபோர்னியாவாசி என்று கல்லூரி உங்களை ஏற்றுக்கொண்டால் ஒரு யூனிட்டுக்கு (பாடத்தின் அளவைக் கணக்கிடும் அலகு) 46 டாலர். செமஸ்டருக்கு 15 யூனிட் எடுத்தால் 690 டாலர், வருஷத்துக்கு 1,380. அதே மாணவர் யூ.சி.யில் இருந்தால் கல்விக் கட்டணம் மட்டும் வருஷத்துக்குப் பதினாலாயிரத்துக்கு மேல் போகும். கால் ஸ்டேட்டில் ஆறாயிரத்துக்கு மேல். வெளிமாநிலத்தவர், வெளிநாட்டவர் என்று வகைப்படுத்தினால் கம்யூனிட்டி காலேஜிலேயே யூனிட்டுக்குப் பல நூறு டாலர் ஆகிவிடும். எனவே இந்த வகைப்பாட்டை முதலிலேயே சரிசெய்துகொள்ளுங்கள்.

வகுப்பு தொடங்கும் நாளுக்கு முன்பாக ஒரு வருஷமும் ஒரு நாளும் மாநிலத்தில் குடியிருந்திருக்க வேண்டும். வெறுமனே இருந்தால் போதாது, இங்கேயே இருக்கும் எண்ணத்தையும் காட்ட வேண்டும். ஓட்டுநர் உரிமம், மாநில வருமான வரித் தாக்கல், வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு எல்லாம் அதற்கான சான்றுகள். வந்த முதல் வாரமே டி.எம்.வி. என்ற மாநில வாகனத் துறையில் உரிமத்துக்கு எழுதிப்போடுங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதற்காகவும்தான். 18 வயது ஆகாத பிள்ளைக்குப் பெற்றோரின் குடியிருப்பே கணக்கு.

எச்-1பி (வேலை), எச்-4 (அவர்களின் குடும்பத்தினர்) விசாக்காரர்கள் இப்படிக் குடியிருப்பு பெற முடியும். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்கள் எத்தனை வருஷம் இங்கே இருந்தாலும் முடியாது. எச்-4 பிள்ளைகள் படிப்பதற்காக விசா மாற்ற வேண்டியதில்லை. ஆனால் 21 வயது நிரம்பும் நாளில் எச்-4 முடிந்துவிடும். 18 வயதில் கல்லூரியில் சேர்கிற பிள்ளைக்கு அந்தப் பிறந்தநாள் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டில், அதாவது பல்கலைக்கழகத்தில் காலடி வைத்த உடனே வரும். எஃப்-1க்கு மாறும் ஐ-539 விண்ணப்பம் மாதக்கணக்கில் நிலுவையில் கிடக்கலாம். அதோடு கட்டண வகையும் மாறக்கூடும். ஆகவே 20வது பிறந்தநாளுக்கே ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்த்துவிடுங்கள். கிரீன் கார்டு மனு நிலுவையில் இருந்தால் வயதுக் கணக்கு வேறு மாதிரி வரலாம், அதையும் அவரே சொல்லட்டும். வாட்ஸ்ஆப் குழுவில் கேட்டு முடிவெடுக்கிற விஷயம் இல்லை இது.

எஃப்-1ல் நேராக இங்கே வருகிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் குறைந்தது 12 யூனிட் எடுத்தாக வேண்டும். அந்த 12ல் ஆன்லைன் வகுப்பு ஒன்று மட்டுமே கணக்கில் சேரும். வீட்டிலிருந்தே நாலு வகுப்பு எடுத்துவிடலாம் என்று நினைத்தால் விசாவுக்கே ஆபத்து.

இது யாருக்கு இல்லை

அண்ணா பல்கலைக்கழகத்திலோ வேறெங்கோ ஏற்கெனவே பி.இ. முடித்துவிட்டு, எச்-4ல் வந்து, மறுபடியும் ஒரு இளநிலைப் பட்டம் வாங்கலாம் என்று யோசிக்கிற தங்கைகள் நிறைய பேர் உண்டு. பொதுவாக யூ.சி. இரண்டாவது இளநிலைப் பட்டத்துக்குச் சேர்ப்பதில்லை. அவர்கள் கம்யூனிட்டி காலேஜில் தேவையான நாலைந்து பாடங்களை மட்டும் படித்துவிட்டு முதுநிலைக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். நர்சிங், கணக்கியல் போன்றவற்றுக்குத் தனிச் சான்றிதழ்ப் படிப்புகளும் அங்கேயே இருக்கின்றன.

ஊரில் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ கல்லூரியில் படித்துவிட்டுப் பாதியில் வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. யூ.சி. விண்ணப்பத்தில் இதுவரை படித்த எல்லாக் கல்லூரிகளையும் எழுத வேண்டும். அரியர் இருந்தாலும் எழுத வேண்டும். மறைத்தது பிற்பாடு தெரிந்தால் கொடுத்த இடத்தையே ரத்து செய்வார்கள். பிளஸ் டூ மார்க்குக்கு, தமிழ்நாடு போர்டோ சி.பி.எஸ்.இ.யோ, யூ.சி. யூனிட் தருவதில்லை. ஏ.பி., ஐ.பி., ஏ-லெவல் (பள்ளிக் கடைசியில் எழுதும் அமெரிக்க, பன்னாட்டு, பிரிட்டிஷ் முறைத் தேர்வுகள்) ஆகியவற்றுக்குத் தரும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ ஏ-லெவல் எழுதியவர்கள் தங்கள் சான்றிதழைக் கவுன்சிலரிடம் (எந்தப் பாடம் எடுப்பது என்று வழிசொல்லும் கல்லூரி ஆலோசகர்) காட்டி, எதற்காவது யூனிட் கிடைக்குமா என்று கேட்டுவிடுவது நல்லது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. டிரான்ஸ்ஃபர் மாணவரைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பது கல்லூரி கிரேடைத்தான். பத்தாம் வகுப்பில் கணக்கில் என்ன வாங்கினீர்கள் என்று யாரும் கேட்கப்போவதில்லை. எஸ்.ஏ.டி. என்ற நுழைவுத் தேர்வும் வேண்டாம்.

எந்தக் கல்லூரி

மாநிலம் முழுக்க 116 கல்லூரிகள் இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பதில் சேர்வதுதான் வழக்கம், பெரும்பாலும் அதுவே சரி. பே ஏரியாவில் கூப்பர்டினோவின் டி ஆன்சா, லாஸ் ஆல்டோஸ் ஹில்ஸின் ஃபுட்ஹில், ஃப்ரீமான்டின் ஓலோனி, பிளசன்ட் ஹில்லின் டயாப்லோ வேலி. தெற்கே சான்டா மானிகா, இர்வைன் வேலி. இவற்றில் சேர்ந்து யூ.சி.க்கு மாறியவர்களை உங்களுக்கே தெரிந்திருக்கும்.

ஒரு வித்தியாசத்தை மட்டும் கவனியுங்கள். டி ஆன்சாவும் ஃபுட்ஹில்லும் குவார்ட்டர் முறை: ஒரு பருவம் சுமார் 12 வாரம், வருஷத்துக்கு மூன்று பருவம். மற்றவை பெரும்பாலும் செமஸ்டர். மாறுவதற்கு 60 செமஸ்டர் யூனிட், அல்லது 90 குவார்ட்டர் யூனிட் வேண்டும். ஒரு கல்லூரியில் படித்துக்கொண்டே இன்னொன்றில் ஒரு வகுப்பு எடுப்பது இங்கே சகஜம். ஆனால் கால்குலஸ் மாதிரி தொடராக வரும் பாடத்தைப் பாதி செமஸ்டர் கல்லூரியிலும் மீதி குவார்ட்டர் கல்லூரியிலும் எடுக்காதீர்கள். செமஸ்டரில் மூன்று துண்டாகவும் குவார்ட்டரில் நாலு துண்டாகவும் பிரித்திருப்பார்கள். வெட்டும் இடம் ஒத்துவராது, இடையில் ஒரு பகுதி விட்டுப்போகும். தொடங்கிய இடத்திலேயே தொடரை முடியுங்கள்.

சேர்வது சிரமமே இல்லை. சி.சி.சி. அப்ளை தளத்தில் இலவசமாக விண்ணப்பிக்கலாம். தகுதித் தேர்வும் கிடையாது. ஏ.பி. 705 என்ற 2017ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஆங்கிலத்துக்கும் கணக்குக்கும் பழைய மாதிரி பிளேஸ்மென்ட் தேர்வு வைத்து மாணவரைக் கீழ் வகுப்பில் உட்கார வைப்பதில்லை. ஆனால் நேராகக் கால்குலஸுக்குப் போக வேண்டுமென்றால் முன்பாடம் முடித்ததற்கு ஆதாரம் கேட்பார்கள். ஊரில் படித்த கணக்கைக் காட்டி, ஆங்கிலத்தில் மார்க்‌ஷீட் நகலோடு கோரிக்கை கொடுக்கலாம். இதைப் பதிவு தொடங்கும் முன்பே செய்து முடிக்க வேண்டும். ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

அசிஸ்ட் தளத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

அசிஸ்ட் டாட் ஓ.ஆர்.ஜி. என்ற தளம்தான் இந்தப் பயணத்தின் உயிர்நாடி. எந்தக் கம்யூனிட்டி காலேஜ் பாடத்தை எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பாடத்துக்குச் சமமாக ஏற்கிறது என்பதற்கு மாநிலத்தின் அதிகாரப்பூர்வப் பதிவேடு அது. அக்கா பையன் சொன்னான், டியூஷன் மாஸ்டர் சொன்னார் என்பதெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது.

கல்வியாண்டைத் தேர்ந்தெடுத்து, உங்கள் கல்லூரியையும் போக நினைக்கும் பல்கலைக்கழகத்தையும் கொடுத்து, மேஜரை, அதாவது பட்டத்துக்கான முதன்மைப் பாடத்தை, சொடுக்கினால் இரண்டு பத்தி விரியும். இடப்பக்கம் பல்கலைக்கழகம் கேட்கும் பாடம். வலப்பக்கம் அதற்கு ஈடாக உங்கள் கல்லூரியில் எடுக்க வேண்டியது. நடுவில் ஓர் அம்புக்குறி. இதில் மூன்று விஷயத்தில் கண்ணை வையுங்கள்.

இடப்பக்கம் ஒரே பாடமாக இருந்தாலும் வலப்பக்கம் இரண்டு பாடத்தை "அண்ட்" போட்டுக் கட்டியிருப்பார்கள். அப்படியென்றால் இரண்டையும் எடுத்தால்தான் அந்த ஒன்று கணக்கில் வரும். ஒன்றை மட்டும் எடுத்துவிட்டு விண்ணப்பித்தால் அது எடுக்காததற்குச் சமம். அடுத்து "ஆர்" என்று வரும் இடம்: அங்கே எதை வேண்டுமானாலும் எடுக்கலாம், ஆனால் உங்கள் பட்டியலில் உள்ள மற்றப் பல்கலைக்கழகங்களும் ஏற்பது எதுவோ அதை எடுங்கள். மூன்றாவது, "நோ கோர்ஸ் ஆர்ட்டிகுலேட்டட்" என்ற வரி. உங்கள் கல்லூரியில் அதற்கு இணையான பாடம் இல்லை என்று அர்த்தம். பயப்பட வேண்டாம், பல சமயம் அதை மாறிய பிறகு படித்துக்கொள்ளலாம். ஆனால் பக்கத்துக் கல்லூரியில் அந்தப் பாடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் அங்கே ஒரு கோடைப் பருவத்தில் எடுத்து முடித்தவருக்கு உங்களைவிட ஒரு படி முன்னுரிமை.

நாலு பல்கலைக்கழகங்களுக்கு நாலு அச்சுப் பிரதி எடுத்து, சாப்பாட்டு மேசையில் பக்கத்தில் பக்கத்தில் பரப்பி வைத்து, எல்லாவற்றிலும் பொதுவாக வரும் பாடங்களை மஞ்சள் மார்க்கரால் தீட்டுங்கள். முதல் வருஷத்தில் எடுக்க வேண்டியவை மஞ்சள் பட்டவைதான். ஒரு பல்கலைக்கழகம் மட்டும் கேட்பவற்றை இரண்டாம் வருஷத்துக்குத் தள்ளலாம்.

இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள். கம்ப்யூட்டர் சயின்ஸோ எஞ்சினியரிங்கோ படிக்க நினைக்கிற ஒரு மாணவி, செமஸ்டர் கல்லூரியில் முதல் பருவத்தில் பயத்தில் ப்ரீ-கால்குலஸ் எடுக்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். வசந்தத்தில் கால்குலஸ் ஒன்று. கால்குலஸ் ஒன்று முடித்தால்தான் எஞ்சினியரிங் இயற்பியலின் முதல் பாடத்தில் சேர விடுவார்கள், ஆக இயற்பியல் இரண்டாம் வருஷ இலையுதிர் பருவத்தில்தான் தொடங்கும். அதே பருவத்தில் கால்குலஸ் இரண்டு. கடைசி வசந்தத்தில் கால்குலஸ் மூன்றும் இயற்பியல் இரண்டும். நேரியல் இயற்கணிதமும் இயற்பியல் மூன்றும் எடுக்க இடமே இல்லை. அவள் கெட்டிக்காரியாக இருந்தாலும், எல்லாவற்றிலும் ஏ வாங்கினாலும், மூன்றாவது வருஷம் உட்கார வேண்டியதுதான். நடுவில் கோடைப் பருவத்தை விட்டுவிடாமல் கால்குலஸ் இரண்டை அங்கே முடித்திருந்தால் நேரியல் இயற்கணிதத்துக்காவது இடம் கிடைத்திருக்கும். மூன்று வருஷம் ஆவதில் அவமானம் ஒன்றும் இல்லை. அது தெரிந்து எடுத்த முடிவாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பொதுப் பாடங்கள்

மேஜர் பாடம் போக, ஆங்கிலம், கணக்கு, கலை, சமூக அறிவியல், அறிவியல் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படிக்கச் சொல்வார்கள். 2025 இலையுதிர் பருவத்திலிருந்து புதிதாகச் சேர்பவர்களுக்கு இது கால்-கெட்டெக் என்ற ஒரே பட்டியல்: 11 பாடம், 34 யூனிட். யூ.சி.க்கும் கால் ஸ்டேட்டுக்கும் இதுவே போதும். அண்ணன் அக்காமார் சொல்லும் ஐ-கெட்சி என்பது இதற்கு முந்தைய பட்டியல், அதை வைத்துத் திட்டம் போடாதீர்கள். புதிய பட்டியலில் மேடைப் பேச்சுப் பாடமும் இனவியல் பாடமும் கட்டாயம்.

கால்-கெட்டெக்கை முழுசாக முடித்துவிட்டுத்தான் மாற வேண்டும் என்று எல்லோருக்கும் விதி இல்லை. பொருளியல், உளவியல், வரலாறு போன்ற மேஜர்களுக்கு முடிப்பது நல்லது. எஞ்சினியரிங், இயற்பியல், வேதியியல் மாதிரி முன்தயாரிப்பு கனமாக உள்ளவற்றுக்கு மேஜர் பாடம்தான் முதலில். கலை வரலாறு எடுத்துப் பட்டியலை நிரப்பிவிட்டு இயற்பியலை விட்டவருக்கு இடம் கிடைப்பது கஷ்டம். எந்த மேஜரானாலும் யூ.சி. கேட்கும் குறைந்தபட்சம் ஏழு பாடம்: ஆங்கிலக் கட்டுரை எழுத்து இரண்டு, கணக்கு ஒன்று, மற்றத் துறைகளில் நாலு. கால் ஸ்டேட்டுக்கு "கோல்டன் ஃபோர்" எனப்படும் எழுத்து, பேச்சு, தர்க்கச் சிந்தனை, கணக்கு ஆகிய நாலும் மாறும் முன் வசந்தத்துக்குள் முடிந்திருக்க வேண்டும். கோடையில் முடித்துக்கொள்கிறேன் என்றால் ஏற்க மாட்டார்கள்.

சில யூ.சி. கல்லூரிகள் அயல்மொழி அறிவும் கேட்கும். தமிழ்வழியில் உயர்நிலை வரை படித்தவர்கள் அந்த மார்க்‌ஷீட்டைத் தேடி எடுத்துக் கவுன்சிலரிடம் காட்டுங்கள். பிரெஞ்சு எடுக்காமலே தப்பிக்க வாய்ப்பிருக்கிறது.

வகுப்பில் இடம் பிடிப்பது

கால்குலஸ், வேதியியல், முதல் நிரலாக்கப் பாடம் ஆகியவை பதிவு திறந்த சில நாளிலேயே நிரம்பிவிடும். பதிவு நாள் எல்லோருக்கும் ஒன்றல்ல. புது மாணவர்களில் ஓரியன்டேஷன் முடித்து, கவுன்சிலரோடு உட்கார்ந்து கல்வித் திட்டம் எழுதியவர்களுக்கு முன்னதாகத் தேதி தருவார்கள். முன்பாட ஆதாரத்தைச் சீக்கிரம் கொடுங்கள் என்று சொன்னது இதற்காகத்தான். கவுன்சிலரைப் பார்க்க ஆகஸ்டில் நேரம் கேட்டால் கிடைக்காது, மே மாதமே கேளுங்கள்.

காத்திருப்புப் பட்டியலில் விழுந்தால் வீட்டில் உட்கார்ந்து மின்னஞ்சலுக்காகக் காத்திருக்கக் கூடாது. முதல் நாள் வகுப்புக்கே போய்விட வேண்டும். பேராசிரியர் பெயர் வாசிப்பார், வராதவர்களை அன்றே நீக்குவார், காலியான இடத்துக்குப் பின்வரிசையில் நிற்கிறவர்களுக்கு ஆட் கோட் என்று ஓர் எண் தருவார். அதை வாங்கிக்கொண்டு வந்து கெடுவுக்குள் போர்ட்டலில் போடவில்லையென்றால் அதுவும் செல்லாது. மூன்று வாரம் வகுப்பில் உட்கார்ந்துவிட்டுப் பதிவே ஆகவில்லை என்று அப்போது கண்டுபிடிக்கிறவர்கள் ஒவ்வொரு பருவத்திலும் உண்டு.

கிரேடு

யூ.சி.க்கு விண்ணப்பிக்கக் கலிஃபோர்னியாவாசிக்கு 2.4 ஜி.பி.ஏ. (கிரேடுகளின் சராசரி, முழு அளவு 4.0) போதும், மற்றவர்களுக்கு 2.8. கால் ஸ்டேட்டுக்கு 2.0, மற்றவர்களுக்கு 2.4. இது வாசலில் நிற்க மட்டுமே. யூ.சி.யின் பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ் (யூ.சி.எல்.ஏ.) வளாகங்களில் போட்டி உள்ள மேஜருக்கு 3.8க்கு மேல் இருந்தும் கிடைக்காதவர்கள் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் சயின்ஸ் என்றால் சான் ஹோசே ஸ்டேட் என்ற கால் ஸ்டேட் வளாகத்திலும் லேசில் கிடைக்காது.

சி மைனஸ் வந்த பாடத்தை யூ.சி. தேவைக்கு ஏற்காது, சி வேண்டும். டி, எஃப் வந்தால் மறுபடி எடுத்துப் புதிய கிரேடு வாங்கலாம். சி வாங்கிவிட்டால் அதை உயர்த்துவதற்காக மறுபடி எடுக்க முடியாது. அதனால்தான் மிட்டேர்மில் நிலைமை மோசமென்று தெரிந்தால் கெடுவுக்குள் விலகி "டபிள்யூ" வாங்குவது சில சமயம் சி வாங்குவதைவிட மேல். ஓரிரு டபிள்யூவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை, ஒவ்வொரு பருவமும் வந்தால் கேள்வி வரும். எஃப்-1 மாணவர் விலகி 12 யூனிட்டுக்குக் கீழே போகக் கூடாது என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள். மேஜர் பாடங்களை, கிரேடு இல்லாமல் தேர்ச்சி மட்டும் தரும் பாஸ்/நோ பாஸ் முறையில் எடுக்கவே வேண்டாம்.

உத்தரவாதங்கள்: டாக், ஏ.டி.டி.

டேவிஸ், இர்வைன், மெர்செட், ரிவர்சைடு, சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூ.சி. வளாகங்கள் டாக் என்ற ஒப்பந்தம் தருகின்றன. அவர்கள் சொல்லும் பாடத்தையும் ஜி.பி.ஏ.வையும் நிறைவேற்றினால் இடம் உறுதி. பெர்க்லி, யூ.சி.எல்.ஏ., சான் டியேகோவில் டாக் கிடையாது. ஓர் ஆண்டில் ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் டாக் போடலாம். விண்ணப்பிக்கும் காலம் செப்டம்பர் 1 முதல் 30 வரை மட்டும். அதன் பிறகு அக்டோபர், நவம்பரில் வழக்கமான விண்ணப்பத்தையும் தனியாகப் போட வேண்டும். டாக் போட்டுவிட்டேன், வேலை முடிந்தது என்று நவம்பரைக் கோட்டைவிட்டால் உத்தரவாதமும் போய்விடும்.

எல்லா மேஜருக்கும் டாக் இல்லை. சான்டா பார்பராவின் எஞ்சினியரிங் கல்லூரி இதற்குள் வராது. நம் வீடுகளில் முதல் விருப்பமான கம்ப்யூட்டர் சயின்ஸும் பல இடங்களில் விலக்குப் பட்டியலில்தான் இருக்கும். பட்டியல் வருஷத்துக்கு வருஷம் மாறுவதால், விண்ணப்பிக்கும் ஆண்டின் டாக் அட்டவணையையே பாருங்கள். என் கருத்து: தகுதி இருந்தால் டாக் போடாமல் இருக்காதீர்கள். பெர்க்லிக்கும் யூ.சி.எல்.ஏ.வுக்கும் தாராளமாக விண்ணப்பியுங்கள், ஆனால் ஏப்ரலில் கையில் ஓர் இடம் இருக்கட்டும்.

யூ.சி.எல்.ஏ. ஆசை உள்ளவர்கள் தங்கள் கல்லூரியில் ஆனர்ஸ் என்ற கூடுதல் தர வகுப்புத் திட்டம் இருக்கிறதா, அது யூ.சி.எல்.ஏ.வின் டிரான்ஸ்ஃபர் அலையன்ஸ் திட்டத்தோடு இணைந்ததா என்று முதல் பருவத்திலேயே விசாரியுங்கள். ஆனர்ஸ் வகுப்புகளை முடித்துச் சான்று பெற்றவர்களைத் தேர்வில் தனியாகக் கவனிக்கிறார்கள்.

கால் ஸ்டேட் பக்கம் ஏ.டி.டி., அதாவது மாறுவதற்கென்றே கம்யூனிட்டி காலேஜ் தரும் இணைப் பட்டம். 2010ல் வந்த சட்டத்தின்படி, அந்த இணைப் பட்டத்தை 60 யூனிட்டில் முடித்தால் கால் ஸ்டேட் அமைப்புக்குள் இடம் உறுதி, அங்கே போய் இன்னும் 60 யூனிட்டில் பட்டம். அமைப்புக்குள் என்பதை அழுத்திப் படியுங்கள். சான் ஹோசேயோ லாங் பீச்சோ என்று குறிப்பிட்ட வளாகத்துக்கு அது உறுதி தருவதில்லை.

விண்ணப்பம்

யூ.சி. விண்ணப்பம் ஆகஸ்ட் 1ல் திறக்கும். சமர்ப்பிப்பது அக்டோபர் 1 முதல் நவம்பர் 30 வரை. அந்தத் தேதி வார இறுதியில் வந்தால் ஓரிரு நாள் தள்ளிப்போவதுண்டு. கடைசி நாள் ராத்திரி தளம் திணறும், தீபாவளி விடுமுறை மனநிலை கலைந்ததும் உட்கார்ந்து முடித்துவிடுங்கள். குடிமக்களுக்கும் கிரீன் கார்டுக்காரர்களுக்கும் ஒரு வளாகத்துக்கு 80 டாலர், விசாவில் இருப்பவர்களுக்கு அதைவிடக் கூடுதல்; வருமானம் குறைவான குடும்பத்துக்கு நாலு வளாகம் வரை விலக்கு. கால் ஸ்டேட்டுக்குத் தனித் தளம், தனிக் கட்டணம்.

கிரேடுகளை நீங்களே தட்டச்சு செய்ய வேண்டும். கல்லூரி தரும் கிரேடுப் பட்டியலான டிரான்ஸ்கிரிப்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரி வரியாக, டபிள்யூ உட்பட, அப்படியே போடுங்கள். நினைவிலிருந்து போடாதீர்கள்.

கட்டுரை நாலு, ஒவ்வொன்றும் 350 வார்த்தைக்குள். தேர்ந்தெடுத்த மேஜருக்கு எப்படித் தயாரானீர்கள் என்ற கேள்வி எல்லோருக்கும் கட்டாயம், மற்ற மூன்றை ஏழிலிருந்து தேர்ந்தெடுக்கலாம். நம் பிள்ளைகள் இங்கே ஒரே மாதிரி சறுக்குகிறார்கள். பரதநாட்டிய அரங்கேற்றம், ஸ்பெல்லிங் பீ, தமிழ்ப்பள்ளித் தொண்டு என்று சான்றிதழ்க் கோப்பைப் பிரித்து வைத்தது போல வரிசையாக அடுக்கிவிடுவார்கள். வாசிக்கிறவருக்கு வேண்டியது ஒரே ஒரு விஷயம், அதில் நீங்கள் செய்தது என்ன என்பது. தமிழ்ப்பள்ளியில் கற்பித்தேன் என்பதைவிட, வீட்டில் ஆங்கிலமே பேசுகிற ஏழு வயதுக் குழந்தைக்கு ழகரம் வரவழைக்க என்னென்ன செய்து பார்த்தீர்கள் என்று எழுதினால் படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார். வாரம் இருபது மணி நேரம் கடையில் வேலை பார்த்துக்கொண்டே படித்தால் அதை எழுதுங்கள். வெட்கப்பட வேண்டிய விஷயம் என்று வீட்டில் நினைக்கலாம், யூ.சி.யில் அப்படி நினைப்பதில்லை. அப்பாவோ மாமாவோ திருத்தி எழுதித் தருவது வேண்டாம். நாற்பத்தைந்து வயதுக்காரர் எழுதியது நாற்பத்தைந்து வயதுக்காரர் எழுதியது போலத்தான் இருக்கும்.

சிபாரிசுக் கடிதம் யூ.சி. விண்ணப்பத்தோடு கேட்பதில்லை. கேட்காததை அனுப்பவும் வேண்டாம்.

பண உதவிக்கு இரண்டு வரி. குடிமக்களும் கிரீன் கார்டுக்காரர்களும் ஃபாஃப்சா என்ற மத்திய அரசு உதவி விண்ணப்பத்தை நிரப்பலாம், எச்-4 பிள்ளைகளால் முடியாது. யூ.சி., கால் ஸ்டேட் போகிறவர்களுக்குக் கால் கிராண்ட் என்ற மாநில உதவித்தொகைக்குக் கெடு வழக்கமாக மார்ச் 2. கம்யூனிட்டி காலேஜில் இருக்கும்போதே யூனிட் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யும் பிராமிஸ் கிராண்ட் உண்டு, தகுதி உள்ள பலர் கேட்காமலே விடுகிறார்கள்.

ஜனவரி முதல் ஜூலை வரை

விண்ணப்பம் போன பிறகு ஜனவரியில் யூ.சி. மறுபடி கூப்பிடும்: இலையுதிர்ப் பருவ கிரேடுகளையும் வசந்தத்தில் எடுக்கும் பாடங்களையும் புதுப்பிக்க வேண்டும். ஜனவரி 31 கெடு. இந்த மின்னஞ்சல் ஸ்பேம் பெட்டியில் போய் உட்கார்ந்திருக்கும், தினம் பாருங்கள். எழுதிக் கொடுத்த வசந்தப் பாடத்தைப் பிறகு மாற்றினாலோ விட்டாலோ ஒவ்வொரு வளாகத்துக்கும் உடனே தெரிவிக்க வேண்டும்.

முடிவுகள் ஏப்ரல் மாத இறுதிக்குள் வந்துவிடும். இடத்தை ஏற்க ஜூன் 1 வரை நேரம். கிடைத்த இடம் நிபந்தனைக்கு உட்பட்டது. கடிதத்தில் வசந்தப் பருவத்துக்கு எவ்வளவு ஜி.பி.ஏ. வேண்டும், எந்தப் பாடங்களை முடித்திருக்க வேண்டும் என்று வரி வரியாக இருக்கும். மே மாதத்தில் மனசு தளர்ந்து ஒரு டி வாங்கினால் ஜூலையில் இடம் போகலாம். போயும் இருக்கிறது.

எஃப்-1 மாணவர்கள் சேரும் பல்கலைக்கழகத்தைச் சொல்லி, செவிஸ் என்ற அரசின் விசா மாணவர் பதிவேட்டில் உள்ள தங்கள் பதிவை அங்கே மாற்றும்படி கம்யூனிட்டி காலேஜின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் தேதியோடு கேட்க வேண்டும். அந்தத் தேதிக்குப் பிறகு பழைய கல்லூரியால் எதையும் திருத்த முடியாது, ஊருக்குப் போய்வர டிக்கெட் போடுவதற்கு முன் இதை முடியுங்கள்.

கடைசி கிரேடு வந்ததும் இரண்டு காகிதம். ஒன்று, கால்-கெட்டெக் முடித்ததற்கான சான்று. அது தானாகப் போகாது, நீங்கள் கேட்டால்தான் கல்லூரி அனுப்பும். இன்னொன்று டிரான்ஸ்கிரிப்ட், ஜூலை 1க்குள். படித்த எல்லாக் கல்லூரியிலிருந்தும் தனித்தனியாகப் போக வேண்டும்: பள்ளியில் இருந்தபோது பக்கத்துக் கல்லூரியில் எடுத்த ஒரு கோடை வகுப்பானாலும் சரி, கோயம்புத்தூரில் ஒரு செமஸ்டர் படித்துவிட்டு வந்ததானாலும் சரி. ஊர்ப் பல்கலைக்கழகத்திலிருந்து முத்திரையிட்ட உறையில் மார்க்‌ஷீட் வர இரண்டு மூன்று மாதம் பிடிக்கும், அதனால் அந்த ஒன்றை மட்டும் பிப்ரவரியிலேயே யாரையாவது நேரில் அனுப்பிக் கேட்க வையுங்கள்.